நொறுக்குத்தீனிக்குப் பதில் சூயிங்கம்: எங்கே சறுக்குகிறோம்?

மாலை நான்கு மணி டீயோடு வரும் பஜ்ஜியைத் தவிர்க்க சர்க்கரை இல்லாத சூயிங்கம் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வது நல்ல யோசனைதான். ஒரு துண்டில் சுமார் 5 கலோரிதான் இருக்கும். புதினா வாசம் நாக்கில் இருக்கும்வரை மிக்சர் டப்பா பக்கம் கை அவ்வளவாகப் போகாது. ஆனால் எதற்காகப் போடுகிறோம், எத்தனை போடுகிறோம் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

பெரிய தவறு, உண்மையான பசிக்கு சூயிங்கம் போடுவது. வாய் நமநமவென்று இருப்பது வேறு, வயிறு கேட்பது வேறு. ‘இப்போது ஒரு கிண்ணம் தயிர்சாதம் கொடுத்தால் சாப்பிடுவேனா?’ என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். சாப்பிடுவேன் என்றால் அது பசி. அதற்குச் சுண்டலோ, ஒரு கொய்யாவோ, கைப்பிடி வேர்க்கடலையோ சாப்பிட்டுவிடுங்கள். தயிர்சாதமெல்லாம் வேண்டாம், முறுக்கு இருந்தால் பார்க்கலாம் என்று தோன்றினால், அங்கே சூயிங்கம் வேலை செய்யும். பசியை மென்றே ஓட்டிவிட்டு, எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து நின்றபடியே நாலு தோசையை உள்ளே தள்ளினால் பஜ்ஜியை விட்டதில் என்ன லாபம்?

என்னைக் கேட்டால், சூயிங்கத்துக்குச் சரியான இடம் சமையலறைதான். பலகாரம் சுடும்போது உடைந்த துண்டுகளை வாயில் போடுவது, பிள்ளைகள் தட்டில் வைத்த மிச்சத்தை ‘வீணாகப் போகிறதே’ என்று வழித்துச் சாப்பிடுவது, இதையெல்லாம் யாரும் கணக்கில் வைப்பதில்லை. அந்த அரைமணி நேரம் வாயில் சூயிங்கம் இருந்தால் கை தானாகவே தயங்கும்.

மெல்லுவதாலேயே எடை குறையும் என்று நம்பவேண்டாம். அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 1999-ல் இதை அளந்தே பார்த்தார்கள். மெல்லும்போது உடல் கூடுதலாகச் செலவழிப்பது மணிக்கு 11 கலோரி. ஒரு மெதுவடையை 100 கலோரி என்று வைத்தால்கூட, அதைக் கரைக்க ஒன்பது மணி நேரம் மெல்ல வேண்டும். சர்க்கரைக்குப் பதில் இதில் சேர்க்கும் அஸ்பார்டேம், சுக்ரலோஸ் போன்ற இனிப்பூட்டிகளை எடைக் கட்டுப்பாட்டுக்காகப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2023 மே மாதம் பரிந்துரைத்தது. ஆக, சூயிங்கத்தால் கிடைக்கும் பலன், நீங்கள் சாப்பிடாமல் விட்ட பஜ்ஜி மட்டும்தான்.

அப்புறம், அளவு. சர்க்கரை இல்லை என்ற தைரியத்தில் ஒரு பாக்கெட்டை ஒரே நாளில் காலி செய்பவர்கள் இருக்கிறார்கள். இனிப்புக்காக இதில் சேர்க்கும் சார்பிட்டாலைச் சிறுகுடல் முழுதாக உறிஞ்சுவதில்லை. மிஞ்சியது தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போக, அங்குள்ள கிருமிகள் அதை நொதிக்க வைக்கும். வயிற்று உப்புசம், வாயு, கடைசியில் பேதி. பெர்லின் மருத்துவர்கள் 2008-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். மாதக்கணக்கில் பேதி, காரணம் புரியவில்லை. 21 வயதுப் பெண் 11 கிலோ இளைத்திருந்தார், 46 வயது ஆண் 22 கிலோ. விசாரித்தால் அந்தப் பெண் தினமும் 18 முதல் 20 கிராம் சார்பிட்டால் அளவுக்குச் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தார். ஆண் சுமார் 20 துண்டு சூயிங்கமும், போதாததற்குச் சர்க்கரை இல்லாத மிட்டாயும். நிறுத்தியதும் பேதி நின்றது, எடையும் ஏறியது. ஒரு துண்டில் ஒன்றேகால் கிராம் அளவுக்கு சார்பிட்டால் இருக்கும் என்பதால், நாளுக்கு மூன்று நான்கோடு நிறுத்திக்கொண்டால் பெரும்பாலானவர்களுக்குத் தொல்லை இருக்காது. ஏற்கெனவே வயிற்றுக்கோளாறு உள்ளவர்கள் இன்னும் குறைக்கலாம்.

சில்லறை இல்லை என்று பெட்டிக்கடையில் கையில் திணிக்கும் பபுள்கம் இந்தக் கணக்கில் சேராது. அதில் சர்க்கரைதான் பிரதானம், மெல்ல மெல்லப் பல் முழுக்க அதைத் தடவிக்கொண்டிருப்போம். உறையில் சார்பிட்டால், சைலிட்டால், மால்டிட்டால் என்ற பெயர்கள் இருக்கின்றனவா, சர்க்கரையும் குளுக்கோஸும் இல்லாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். சர்க்கரை இல்லாததைச் சாப்பாட்டுக்குப் பின் 20 நிமிடம் மென்றால் உமிழ்நீர் பெருகி, பல் சொத்தை குறையும் என்பதைப் பல் மருத்துவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அதற்காக இரவில் பல் துலக்காமல் படுக்க முடியாது. எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற பழச் சுவைகளில் அமிலம் சேர்ப்பதுண்டு, அது எனாமலுக்கு ஆகாது. புதினாவே போதும்.

சர்க்கரை நோயாளிகள் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். இன்சுலினோ கிளிமெப்பிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்குத் திடீரென வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் அது சர்க்கரை இறங்கியதன் அறிகுறி. அந்த நேரத்தில் ‘சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறதே’ என்று சுகர்ஃப்ரீ சூயிங்கத்தை மெல்லுவது ஆபத்து, அது சர்க்கரையை ஏற்றவே ஏற்றாது. உடனே குளுக்கோஸோ, மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீரோ குடிக்க வேண்டும். வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்குப் போகும் காலையிலும் சூயிங்கம் வேண்டாம். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போங்கள்.

மணிக்கணக்கில் மெல்லுவது தாடைக்கும் நல்லதல்ல. அடிக்கடி தலைவலி என்று வந்த, தினமும் சூயிங்கம் மெல்லும் 30 பேரை (பெரும்பாலும் பதின்ம வயதினர்) இஸ்ரேலில் ஒரு மாதம் நிறுத்தச் சொன்னார்கள். 19 பேருக்குத் தலைவலி முழுதாகப் போனது, 7 பேருக்குக் குறைந்தது. காதுக்கு முன்னால் ‘டக்’கென்று சத்தம் வந்தாலோ வலித்தாலோ அன்றே விட்டுவிடுங்கள்.

மருந்துக் கடையில் விற்கும் நிகோட்டின் சூயிங்கம் புகைப்பதை நிறுத்துபவர்களுக்கானது. வீட்டில் யாராவது வாங்கி வைத்திருந்தால் தவறியும் எடுத்து மெல்லக் கூடாது. அஸ்பார்டேம் புற்றுநோய் தரும் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியில் பாதிதான் உண்மை. 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை ‘புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ள’ பட்டியலில் வைத்தது, ஆனால் உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற தினசரி வரம்பு மாறவில்லை. சூயிங்கம் துண்டில் இருப்பது சில மில்லிகிராம். பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அறவே தவிர்க்க வேண்டும்.

வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டால் உள்ள பாக்கெட்டை எட்டாத உயரத்தில் வையுங்கள். நமக்கு ஒன்றும் செய்யாத அது நாய்க்கு இன்சுலினைச் சட்டென்று ஏற்றிவிடும், ஈரலையும் கெடுக்கும். மென்று முடித்ததையும் காகிதத்தில் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். ஒரு காலத்தில் சூயிங்கத்தைச் சப்போட்டா மரத்துப் பாலில் செய்தார்கள், இன்று பெரும்பாலும் செயற்கை ரப்பர், மட்காது.