பிரதமரைப் பற்றிய செய்தியைப் படிக்கும் முறை

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கடையொன்றில் காலையில் தே தாரிக் அருந்த அமர்ந்தால், மலேசியப் பிரதமர் அன்வார் இப்ராஹிமின் ஒரே பேச்சைக் குறித்து ஒரே மேசையில் இரண்டு தீர்ப்புகள் கேட்கும். ஒருவர் நாளிதழின் தலைப்பை மட்டும் பார்த்திருப்பார். மற்றவர் புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த அரை நிமிடக் காணொளியைப் பார்த்திருப்பார். தலைவரை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் அவரவர் உரிமை. ஆனால் அவர் சொன்னது எது, நம்மிடம் வந்து சேர்ந்தது எது என்று பிரித்தறிந்த பிறகே அதைச் செய்ய வேண்டும்.

முதலில் மூலத்தைத் தேடுங்கள். நாடாளுமன்ற உரைகளின் அவைக்குறிப்பான ஹன்சார்ட், நாடாளுமன்ற இணையத்தளத்தில் கிடைக்கிறது. மலாய்மொழியில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். நம்மில் பெரும்பாலோர் அம்மொழியில் தேர்வெழுதி வந்தவர்கள்தாம். பயிற்சிக்கு, நிதியமைச்சருமான அன்வார் 2024 அக்டோபர் 18 அன்று தாக்கல் செய்த 42,100 கோடி வெள்ளி (ரிங்கிட்) வரவு செலவுத் திட்ட உரையை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்வதும், ரோன்95 பெட்ரோல் மானியச் சீரமைப்பும், ஆண்டுக்கு 100,000 வெள்ளியைத் தாண்டும் பங்கு ஈவுக்கு 2 விழுக்காடு வரியும் அதில் இருந்தன. தமிழ், மலாய், ஆங்கில ஏடுகள் ஒவ்வொன்றும் எதை முதலில் வைத்தன, எதைக் கடைசிப் பத்திக்குத் தள்ளின என்று குறித்துப் பாருங்கள்.

அடுத்து, வினைச்சொல்லைக் கவனியுங்கள். ‘கூறினார்’ என்பது செய்தி. ‘ஒப்புக்கொண்டார்’ என்றால் அதுவரை மறைத்து வைத்திருந்தார் என்ற பொருள் சேர்ந்துவிடுகிறது. ‘சாடினார்’ என்றால், அவர் அமைதியாகப் பேசியிருந்தாலும் கோபம் ஏறிவிடுகிறது. தமிழ் ஏடுகளை நேசிக்கும் நாமே இதை முதலில் கவனிக்க வேண்டும்.

ஏட்டின் உரிமையாளர் யார் என்பதையும் அறிந்திருங்கள். ‘தி ஸ்டார்’ நாளிதழை நடத்தும் நிறுவனத்தில் மலேசியச் சீனர் சங்கமான ம.சீ.ச. கட்சி பெரும் பங்குதாரர்.

ஒரு தலைவரின் பிம்பம் காலத்தோடு எப்படி மாறுகிறது என்பதை அறிய, ஜாலான் துன் ரசாக்கிலுள்ள தேசிய நூலகத்தில் பழைய நாளிதழ்களைப் புரட்டுங்கள். 1982இல் பினாங்கின் பெர்மாத்தாங் பாவ் தொகுதியில் முதன்முறை வென்றவர், 1998 செப்டம்பரில் துணைப் பிரதமர் பதவியிலிருந்து நீக்கப்பட்டவர், 2018 மே மாதம் அரச மன்னிப்புப் பெற்றவர், 2022 நவம்பர் 24 அன்று பிரதமரானவர், எல்லாம் ஒரே மனிதர்தான். அவருக்கு அன்றன்று தரப்பட்ட அடைமொழிகளை அருகருகே எழுதிப் பார்த்தால் பல செய்திகள் விளங்கும்.

கருத்துக்கணிப்பில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். மெர்டேக்கா சென்டர் போன்ற அமைப்புகளின் முடிவு வெளிவந்தால், எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்று பாருங்கள். 1,200 பேர் எனில் ஒட்டுமொத்த முடிவு 3 விழுக்காட்டுக்குள் கூடலாம், குறையலாம். ஆனால் மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏறத்தாழ 7 விழுக்காடுதான். அதே விகிதத்தில் தேர்ந்தெடுத்திருந்தால் கேட்கப்பட்ட இந்தியர்கள் ஏறக்குறைய 84 பேர், அவர்களைப் பொறுத்தவரை பிழை 11 விழுக்காடு வரை போகும். ‘இந்தியர் ஆதரவு 5 விழுக்காடு சரிந்தது’ என்ற தலைப்பு, நம் சமூகம் முழுவதன் மனத்தையும் இவ்வளவு சிலரை வைத்து அறிவிக்கிறது. அரசியல்வாதிகள் நம்மை எடைபோடுவதும் அத்தகைய தலைப்புகளைக் கொண்டுதான் என்பதால் இது எனக்கு வேதனை தருகிறது. அப்படியொரு தலைப்பைப் பகிருமுன் இந்தியர் எத்தனை பேர் கேட்கப்பட்டனர், எந்தத் தேதிகளில், எந்தக் கேள்வி என்ற மூன்றையும் அறிக்கையில் தேடுங்கள். கிடைக்காவிட்டால், பகிராமல் விட்டுவிடுங்கள்.