நேபாளம் போய்வரும் மிஷனெரி தம்பதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடபீகார் பணித்தளத்துக்கு வரும் இளம் தம்பதிகள், இந்தி கொஞ்சம் நாக்கில் படிந்ததும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, ஒரு தடவை நேபாளம் போய்வரட்டுமா?" தாராளமாகப் போகலாம். எல்லையோரப் பீகார் ஊரான ரக்சௌலில் டாங்கா என்னும் குதிரை வண்டியிலோ பேட்டரி ரிக்‌ஷாவிலோ ஏறினால், சங்கராச்சாரியார் வாசல் என்னும் எல்லை வளைவைத் தாண்டியதும் நேபாளத்தின் வீர்கஞ்ச் வந்துவிடும். இந்தியருக்கு விசா தேவையில்லை. இந்தச் சுலபம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. அத்தை வீட்டுக்குக் கிளம்புவதுபோலக் கிளம்பிவிடுகிறார்கள்.

ஆதார் அட்டையை மட்டும் நம்பாதீர்கள், பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ வேண்டும், மலையில் குளிரும் என்றெல்லாம் நான் விளக்கப்போவதில்லை. அதை யாரும் சொல்லிவிடுவார்கள். வருகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் செய்துகொண்டே இருப்பவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் திட்டமிடுவது

நேபாளத்தின் வார விடுமுறை காலங்காலமாகச் சனிக்கிழமை. சபைகள் கூடுவதும் அன்றுதான். ஞாயிறு பிரசங்கத்தை விழுந்து விழுந்து தயாரித்த ஒரு தம்பி, சனிக்கிழமை மாலை ஹெடௌடா போய்ச் சேர்ந்தார். அங்கே பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டிருந்தார்கள். வந்த விருந்தாளியைச் சும்மா அனுப்பக் கூடாதே என்று, போதகர் நாலைந்து வீட்டுக்காரர்களை மறுநாள் திரும்ப வரவழைத்தார். அவர்களில் இரண்டு பேர் அன்றைய கூலி வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். தம்பிக்கு அது தெரியாது. கூட்டம் குறைவாக இருந்ததாக என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார்.

தேதியிலும் கவனம் வேண்டும். அங்கே புழங்குவது விக்கிரம சம்வத் நாட்காட்டி. ஆண்டு எண் நம்முடையதைவிட ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு கூடுதலாக இருக்கும். வைசாக் முதல் தேதி நம் சித்திரை பிறப்பையொட்டி வரும் என்பதால் தமிழருக்கு இந்தக் கணக்குப் பிடிபடச் சிரமமில்லை. ஆனாலும் போனில் "வைசாக் ஐந்து" என்று கேட்டுவிட்டு மே ஐந்து என்று குறித்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

சொந்த வண்டியில் போவது

எல்லையில் பன்சார், அதாவது சுங்க அலுவலகத்தில், நாள் கணக்குக்குப் பணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு முடியும் நாளில் மலைச்சாலை மண் சரிந்து அடைபட்டால் அபராதம் உங்கள் தலையில். வண்டி மிஷனெரி சங்கத்தின் பெயரில் இருந்தால் அதிகாரக் கடிதமும் கேட்பார்கள். பேசாமல் வீர்கஞ்சில் வாடகைச் சுமோ ஜீப்பில் ஏறுங்கள்.

படம் எடுத்து ஜெபக் கடிதத்தில் போடுவது

இதைச் சொல்லத்தான் மற்றதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். எத்தனை முறை சொன்னாலும் அடுத்த தம்பதி இதைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நேபாளத்தின் 2015 அரசியல் சாசனத்தின் 26ஆம் பிரிவு பிறரை மதம் மாற்றுவதைத் தடுக்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 158ஆம் பிரிவு, மாற்றுவதோடு மாற்ற முயல்வதையும் அதற்குத் துணைபோவதையும் குற்றமாக்குகிறது. ஐந்தாண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவரென்றால் தண்டனை முடிந்த ஏழு நாளுக்குள் நாடுகடத்தல். நாமும் அங்கே வெளிநாட்டவர்தான். இந்த முகம், இந்த நிறம், இந்த இந்தி எல்லாம் அதை மாற்றாது.

ஒரு தம்பதி மலைப்பக்கம் ஒரு சிறிய சபைக்குப் போனார்கள். வாடகை அறை, முப்பது பேர் இருப்பார்கள். எல்லாரும் ஆண்டுக்கணக்காகச் சபைக்கு வருகிறவர்கள். கூட்டம் முடிந்ததும் கணவர் எல்லாரையும் நிறுத்திவைத்து ஒரு படம் எடுத்தார். அன்றிரவே அது திருநெல்வேலிப் பக்கத்து ஜெபக் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தது. கீழே, "இன்று சந்திக்கப்பட்ட ஆத்துமாக்கள்" என்று எழுதியிருந்தார். குழுவில் இருந்த ஒருவர் பேஸ்புக்கில் போட்டார். அங்கிருந்து யார் யார் கைக்குப் போனதென்று தெரியாது. சில வாரத்தில் அந்த ஊருக்கே போய்ச் சேர்ந்தது.

நான் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜன்னல் வழியாக எதிர்க்கடையின் பெயர்ப்பலகை தெரிந்தது. சுவரில் கூட்டுறவுச் சங்கம் கொடுத்த காலண்டர், அதன் அடியில் ஊர்ப்பெயர். முன்வரிசையில் பள்ளிச் சீருடையோடு இரண்டு பிள்ளைகள். இதற்குமேல் முகவரி என்று தனியாக ஒன்று எழுத வேண்டுமா?

வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொன்னார். போதகர் காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்தார். யார் அந்த இந்தியர்கள், எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். படத்தில் ஓரமாக நின்ற பள்ளி ஆசிரியை ஒருவர் அதோடு சபைக்கு வருவதை நிறுத்திவிட்டார். அந்த நேரத்தில் நம் தம்பதி ஊரில் வாலிபர் கூட்டத்தில் பயணச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னபோது, "நல்ல எண்ணத்தில்தானே போட்டோம், அக்கா" என்றார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அனுமதி கேட்டுவிட்டு எடுக்கலாமே என்பார்கள் சிலர். கூடாது. வீட்டுக்கு வந்த விருந்தாளி கேட்டால் அந்தப் போதகர் மாட்டேன் என்று சொல்லமாட்டார், சிரித்துக்கொண்டு நிற்பார். ஆகவே கேட்கவே கேட்காதீர்கள். போன் பைக்குள் இருக்கட்டும். முதுகுப்பக்கம் எடுத்தால் பரவாயில்லை என்பதும் வெறும் சமாதானம்தான். வாசலில் கிடக்கும் செருப்பை வைத்தே ஆளைச் சொல்லிவிடும் சின்ன ஊர்கள் அவை.

ஆதரிக்கிற சபை படம் கேட்கும். செயலாளர், "படம் இல்லாமல் காணிக்கை எப்படிச் சேரும்?" என்பார். கிளம்புவதற்கு முன்பே, "படமும் வராது, ஊர்ப்பெயரும் வராது, எண்ணிக்கையும் வராது" என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். மலையைப் படம் எடுங்கள், உங்கள் இருவரையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் வரலாறும் தெரிந்திருந்தால் நல்லது. 1930இல் ரக்சௌலில் டங்கன் மருத்துவமனை தொடங்கியபோது, நேபாளத்துக்குள் மிஷனெரிகளுக்கு அனுமதி கிடையாது. எல்லையில் இருந்தபடியே அந்தப் பக்கத்து நோயாளிகளையும் பார்த்தார்கள். 1954இல் பல மிஷன் சங்கங்கள் கூட்டாக உள்ளே போனபோதும் மருத்துவம், கல்வி போன்ற சேவைகளோடு நிற்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அங்கே சபையை வளர்த்தவர்கள் நேபாளிகளே. 2011 கணக்கெடுப்பில் கிறிஸ்தவர்கள் 1.4 சதவீதம், 2021இல் 1.76 சதவீதம். சில நாள் தங்கிவிட்டு வருகிற நாம் அந்த எண்ணிக்கையை நம் கடிதத்தில் உரிமை கொண்டாடுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மனைவியை வெறும் துணையாக அழைத்துப்போவது

பெரும்பாலான கிராமச் சபைகளில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பாயில்தான் உட்காருவார்கள். பெண்கள் பக்கம் நிறைந்திருக்கும். பலருடைய கணவர்கள் மலேசியாவிலோ கத்தாரிலோ வேலையில் இருக்கிறார்கள். பிரசங்கம் கேட்டு, "ஜெய் மசீஹ்" என்று கிறிஸ்தவ வாழ்த்துச் சொல்லிவிட்டு அவர்கள் நேராக அடுப்படிக்குப் போய்விடுவார்கள். மனம் திறப்பதெல்லாம் அங்கேதான். கீரை ஆய்ந்துகொண்டே, பணம் அனுப்பாத கணவரைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும் பேசுவார்கள். அந்தப் பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில் வாசலிலிருந்து, "வா, ஜீப் வந்துவிட்டது" என்று கணவர் குரல் கொடுப்பார்!

பயணத் திட்டத்தில் மனைவிக்கென்று ஒரு அரைநாளை எழுதிவையுங்கள். நேபாளி மொழியை அவர் முதலில் கற்கட்டும். முன்கூட்டிச் சொல்லாமல், "இப்போது என் மனைவி ஒரு பாட்டுப் பாடுவார்" என்று அறிவிக்கும் பழக்கத்தையும் தயவுசெய்து ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

நீண்ட பிரசங்கம்

பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் நிற்கிறார். பாதியாக வெட்டுங்கள்.

கைப்பிரதிக் கட்டு

சுவிசேஷத் துண்டுப்பிரசுரங்கள் பையில்கூட வேண்டாம்.

ஐந்நூறு ரூபாய்க் கட்டு

நூறு ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள இந்திய நோட்டுகளை 2018 டிசம்பரில் நேபாள அரசு தடைசெய்தது. இந்த விதி அவ்வப்போது மாறும், கிளம்புமுன் விசாரியுங்கள். நூறு ரூபாய் நோட்டாகக் கொண்டுபோனால் எந்தக் காலத்திலும் வம்பில்லை. நம் நூறுக்கு அவர்களின் நூற்றறுபது, 1993 முதல் அதே கணக்கு.

மழைக்காலத்தில் இரவு பஸ்

ஏறாதீர்கள். 2024 ஜூலையில் நாராயண்காட் – முக்லிங் சாலையில் நிலச்சரிவு இரண்டு பஸ்களைத் திரிசூலி ஆற்றுக்குள் தள்ளிக்கொண்டு போனது. பகல் வண்டியில் போங்கள்.

தசைன் விடுமுறையில் போவது

தசைன் நேபாளத்தின் பெரிய பண்டிகை; டிக்கெட் கிடைக்காது. கிடைத்துப் போனாலும், சபையார் பாதிப்பேர் அவரவர் சொந்த ஊரில் இருப்பார்கள்.