வண்டி ‘யூரியா சரியில்லை’ என்றால் முதலில் டேங்கைப் பாருங்கள்

டீசல் பிக்கப்பில் பி207எஃப் கோடு (யூரியா திரவத்தின் தரம் சரியில்லை என்ற எச்சரிக்கை) வந்தால், புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை அளக்கும் நாக்ஸ் சென்சாரை மாற்றச் சொல்வதற்கு முன் டேங்கிலுள்ள டிஇஎஃப் திரவத்தில் (நாக்ஸைக் குறைக்கப் புகையில் தெளிக்கும் யூரியா கரைசல்) ஒரு சொட்டு எடுத்து, டிஇஎஃப்புக்கான ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி வளைவதை வைத்து யூரியா சதவீதம் காட்டும் கருவி) பாருங்கள். 32.5 சதவீத யூரியா காட்ட வேண்டும், 31.8 முதல் 33.2 வரை பரவாயில்லை. சென்சாரின் விலைக்கு முன் இந்தக் கருவியின் விலை ஒன்றுமே இல்லை.

பல வண்டிகளில் கணினி, புகையில் நாக்ஸ் எவ்வளவு குறைகிறது என்பதை வைத்துத்தான் திரவத்தின் தரத்தைக் கணிக்கிறது. தண்ணீர் கலந்தாலும், கேன் வெயிலில் கிடந்து பழசானாலும் நாக்ஸ் குறையாது, விளக்கு எரியும். 25 டிகிரியில் ஒன்றரை வருடம் தாங்கும் திரவம் 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும், அதனால் கேனில் தேதி பார்த்தே வாங்குங்கள்.

யூரியா சதவீதம் சரியாக இருந்தால் டிஇஎஃப் தெளிக்கும் இன்ஜெக்டரில் வெள்ளைப் படிகம் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், சென்சார் அப்புறம். ஒன்று முக்கியம்: உர யூரியாவைக் கரைத்து விற்கும் போலியை இந்தக் கருவி கண்டுபிடிக்காது. டிஇஎஃப் டேங்கில் டீசல் கலந்துவிட்டால் சோதனையே வேண்டாம், வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.