குப்பை மேட்டுத் தண்ணீர்: நாம் தப்பாகப் போடும் கணக்குகள்

ஐப்பசி அடைமழையில் மதுரை அவனியாபுரத்தை அடுத்த வெள்ளக்கல் குப்பை மேட்டைப் பார்த்தால், பெய்கிற மழையை எல்லாம் குப்பையே குடித்துவிடுவது போலத் தோன்றும். முதல் தவறு அங்கேதான் தொடங்குகிறது. நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் காய்கறிக் கழிவும் மிச்சச் சோறும். போகும்போதே ஈரமாகத்தான் போகிறது. ஓரளவுக்கு மேல் அதனால் தண்ணீரைத் தாங்க முடியாது. மிச்சம் அடியில் இறங்கி நம் கிணற்றுத் தண்ணீரோடு கலக்கலாம்.

மதுரையில் வருட மழை சுமார் 850 மில்லிமீட்டர். ஒரு ஹெக்டேரில் அது 85 லட்சம் லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் உள்ளே இறங்குகிறது என்று வைத்துக்கொண்டாலும் 17 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் நூற்றி நாற்பது லோடுக்கு மேல் வரும்!

அந்தத் தண்ணீர் சீராக இறங்குவதும் இல்லை. ஒவ்வொரு பிளாஸ்டிக் பையும் ஒரு சின்னக் கூரை. தண்ணீர் அதன் ஓரத்தில் வழிந்து, சந்து கிடைத்த இடத்தில் புகுந்து ஓடும். ஒரு பக்கம் குப்பை காய்ந்தே கிடக்க, பக்கத்திலேயே வாய்க்கால் மாதிரி ஓட்டம் இருக்கும். அதனால் "மேடு உயரம், அடியில் இறங்க வருடக்கணக்காகும்" என்று நம்பக் கூடாது. சந்து வழியாகப் போவது சில நாட்களில் அடியைத் தொட்டுவிடலாம். குப்பைக்குள் ஊறி நிற்பதோ மழை விட்ட பிறகும் மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும். சித்திரை வெயிலிலும் அது நிற்காது.

"பழைய குப்பைதானே, வீரியம் போயிருக்கும்" என்பது அடுத்தது. புதுக் குப்பையின் ஊறல், அதாவது குப்பையில் ஊறி வடியும் தண்ணீர், புளித்து நாறும், உலோகங்களைக் கரைக்கும். வருடங்கள் போனால் நாற்றமும் புளிப்பும் குறைவது உண்மை. ஆனால் அம்மோனியா பல பத்தாண்டுகள் வந்துகொண்டிருக்கும். மேலே மண்ணைப் போட்டு மூடினால் சரியாகிவிடுமா? உள்ளே இறங்கும் மழை குறையும், அவ்வளவுதான். புதிய கிடங்கு என்றால் 90 சென்டிமீட்டர் களிமண், அதன் மேல் 1.5 மில்லிமீட்டர் தடிமனான பிளாஸ்டிக் விரிப்பு என்று அடித்தளத்துக்கு 2016-ம் வருடத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. அப்படி அடித்தளம் இல்லாத பழைய மேட்டுக்கு மேல்மண் அடித்தளம் ஆகாது.

மண் வடிகட்டிவிடும் என்ற நம்பிக்கையில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். களிமண் சில உலோகங்களைப் பிடித்து வைக்கும். உப்பில் உள்ள குளோரைடும், அம்மோனியா மாறி உண்டாகும் நைட்ரேட்டும் தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும், நிறமும் இருக்காது, நாற்றமும் இருக்காது. நம் மண்ணுக்கு அடியில் இருப்பதோ கடினப் பாறை. தண்ணீர் அதன் வெடிப்புகளில்தான் ஓடும். ஆகவே மேட்டை ஒட்டிய கிணறு நன்றாக இருந்து, அரை கிலோமீட்டர் தள்ளியுள்ள போர் (ஆழ்துளைக் கிணறு) கெட்டுப்போகலாம். இரவு பகலாக மோட்டார் ஓடினால் அந்தப் போர் ஊறலைத் தன் பக்கம் இழுக்கவும் செய்யும்.

எனவே ஒரே ஒரு தடவை, ஒரே கிணற்றில் எடுத்த சோதனையை வைத்து முடிவு கட்டாதீர்கள். மழைக்கு முன்னும் பின்னும் எடுங்கள், நிலத்தடி நீர் மேட்டை நோக்கி வரும் பக்கத்தில், மேட்டைத் தொடும் முன் உள்ள கிணற்றோடு ஒப்பிடுங்கள். சாக்கடையாலும் உப்பும் நைட்ரேட்டும் ஏறும். ஒப்பிடாமல் எதனால் என்று சொல்ல முடியாது.

அப்புறம், கொதிக்க வைத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் உள்ள தண்ணீரில், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்கவே கூடாது.