கோவைக்கு ரெண்டு நாள் வருகிறீர்களா? ரூம் போடும் முன்

போன மாதம் சென்னையிலிருந்து அக்கா மகன் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். "மாமா, நானும் ஃப்ரெண்டும் கோயமுத்தூர் வர்றோமுங். ரூம் போட்டாச்சுங், 1,100 ரூபாய்தான்!" வெள்ளி ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ், ஞாயிறு ராத்திரி அதே சேரனில் திரும்புவதாகத் திட்டம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே பொடி எழுத்தில் 'செக்-இன் பகல் 12' என்று இருந்தது. சேரன் இங்கே வந்து நிற்பது காலை ஆறு மணி வாக்கில்.

"ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் எங்கடா இருப்பீங்க?" என்றேன். பதில் இல்லை. நானும் சென்னையில் வேலையில் இருந்தபோது இதே பள்ளத்தில் விழுந்தவன்தான். ஆதார் எடுத்து வாருங்கள், ஆட்டோவில் ஏறும் முன் விலை பேசுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிட்டு, பலரும் செய்யும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

வாடகையைப் பார்த்துவிட்டு நாள் கணக்கைப் பார்க்காமல் விடுவது

லாட்ஜ்களில் ரெண்டு கணக்கு உண்டு. ஒன்று 24 மணி நேரக் கணக்கு. சாவி வாங்கிய நேரத்திலிருந்து மறுநாள் அதே நேரம் வரை ஒரு நாள். இன்னொன்று 12 டு 12. நீங்கள் எப்போது வந்தாலும் பகல் 12 மணிக்கு நாள் முடிந்துவிடும்.

2012-இல் ரயில் நிலையம் பக்கம் ஒரு லாட்ஜில் 24 மணி நேரக் கணக்கில் தங்கினேன். சனிக்கிழமை விடிகாலை 5.40-க்கு ரெஜிஸ்டரில் கையெழுத்து. மேசைக் காலில் சணல் கயிறு கட்டிய பால்பாயின்ட் பேனா, பெயர், ஊர், வந்த காரியம், நேரம் என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்ட நோட்டு. நேரத்தை நான் கவனிக்கவே இல்லை, லாட்ஜ்காரர்தான் எழுதினார். ஞாயிறு சாயங்காலம் காலி செய்யப் போனால் ரெண்டு நாள் வாடகை. 'ஒரு ராத்திரிதானே தூங்கினேன்' என்றதற்கு, "ஏனுங்க, காலைல 5.40-க்கே ஒரு நாள் முடிஞ்சுதுங்களே" என்று முருகன் காலண்டருக்குப் பின்னால் இருந்த போர்டைக் காட்டினார். அவர் சொன்னது சரிதான். அதுதான் இன்னும் எரிச்சல்.

அடுத்த முறை உஷாராக இருப்பதாக நினைத்து 12 டு 12 இடத்தில் போட்டேன். விடிகாலையில் போய் நின்றதும், இப்போதே ரூம் வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக் கணக்கில் ஒரு நாள் சேரும் என்றார்கள். தூக்கக் கலக்கத்தில் சரி என்றேன். சனி பகலிலிருந்து ஞாயிறு பகல் வரை ரெண்டாவது நாள். ஞாயிறு பகலிலிருந்து ரயிலுக்குக் கிளம்பும் வரை மூன்றாவது. ஒரு ராத்திரி தூக்கத்துக்கு மூன்று நாள் வாடகை!

இப்போது நான் செய்வது, சொந்தக்காரர்களுக்குச் சொல்வது இதுதான். காலையில் இறங்கியதும் ரூமுக்குப் போகாதீர்கள். ஸ்டேஷனிலேயே கட்டணக் குளியலறையில் குளித்து, பையை க்ளோக் ரூமில் போட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்புங்கள். 24 மணி நேர லாட்ஜில் சனி ராத்திரி எட்டு மணிக்குச் சாவி வாங்குங்கள். ஞாயிறு ராத்திரி எட்டு வரை ரூம் உங்களுடையது. மதியம் வந்து ஒரு குட்டித் தூக்கம், சாயங்காலம் ஒரு குளியல், அப்புறம் பத்தரைக்கு மேல் கிளம்பும் சேரன். வாடகை ஒரே நாள்.

ஒரு எச்சரிக்கை. சுவரில் 24 மணி நேரம் என்று போர்டு மாட்டியிருக்கும் லாட்ஜே ஆப் வழியாகப் போட்டால் 12 டு 12 ஆகிவிடுவது உண்டு. அதனால் நேராக லாட்ஜுக்கே போன் போட்டு, எந்தக் கணக்கு, ஆப்பில் போட்டாலும் அதேதானா, வாடகை வரியோடு சேர்த்தா, அரை மணி முன்னே பின்னே ஆனால் விடுவார்களா என்று கேளுங்கள். சாவி கைக்கு வந்த நேரத்தை நோட்டில் நீங்களே எழுதுங்கள். கைக்குழந்தையோ வயசானவர்களோ கூட வந்தால் இந்தச் சாமர்த்தியம் எதுவும் வேண்டாம். கேட்ட காசைக் கொடுத்துவிட்டுப் படுங்கள்.

எங்கே இறங்குவோம் என்று தெரியாமல் ரூம் போடுவது

'பஸ் ஸ்டாண்ட் பக்கம்' என்று விளம்பரத்தில் இருக்கும். இந்த ஊரில் எந்த பஸ் ஸ்டாண்ட்? ஈரோடு, சேலம், திருப்பூர், சத்தியமங்கலம் பக்கமிருந்து வந்தால் காந்திபுரம். திருச்சி, கரூர், மதுரை பஸ் என்றால் சிங்காநல்லூர். பொள்ளாச்சி, பழனிக்கு உக்கடம். மேட்டுப்பாளையம், ஊட்டிக்குச் சாய்பாபா காலனியில் மேட்டுப்பாளையம் ரோடு ஸ்டாண்ட். ஆம்னி பஸ்ஸுக்குத் தனி இடம். மதுரையிலிருந்து ராத்திரி ரெண்டு மணிக்குச் சிங்காநல்லூரில் இறங்கி, காந்திபுரம் லாட்ஜுக்கு ஆட்டோ பேசினால் ரூமில் மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும்.

ரயிலிலும் இதே கதைதான். கேரளா போகும் சில வண்டிகள் கோவை ஜங்ஷனுக்கே வராமல், இருகூரில் திரும்பிப் போத்தனூர் வழியாகப் போய்விடும். டிக்கெட்டில் ஸ்டேஷன் பெயரை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை படியுங்கள்.

ஊர் சுற்ற என்றால் காந்திபுரம்தான் என் ஓட்டு. மருதமலைக்கு 70-ஆம் நம்பர் டவுன் பஸ் அங்கிருந்துதான். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது. நாலு பெண்கள் சேர்ந்து வந்தால் ஊருக்குள் போக்குவரத்துச் செலவு என்று ஒன்று பெரிதாக இருக்காது. விமான நிலையம் பக்கம் சல்லிசாகக் கிடைக்கும் ரூம், விமானத்தில் வருபவர்களுக்கு.

திசை பார்க்காமல் சுற்றுவது

பேரூர் கோயில், கோவைக் குற்றாலம், வெள்ளியங்கிரி அடிவாரத்தின் 112 அடி ஆதியோகி சிலை எல்லாம் மேற்கே, சிறுவாணி ரோட்டுப் பக்கம். அதை ஒரு நாளாக வையுங்கள். மருதமலை வேறு ரோடு, அதை மறுநாள் காலைக்கு வையுங்கள். மழைக்காலத்தில் குற்றாலத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். தண்ணீர் கூடினால் வனத்துறை மூடிவிடும்.

ஊட்டியையும் சேர்த்துக்கொள்வது

வேண்டாம். மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பி 46 கிலோமீட்டர் ஏற மதியம் ஆகிவிடும். சொந்தக் கார் என்றால் 2024 மே முதல் இ-பாஸ் வேறு.

முகூர்த்த நாளில் வருவது

தினசரி காலண்டரைக் கிழிக்கும் முன் படியுங்கள்.

காலை டிபன் சேர்த்த ரூம்

கோயமுத்தூரில் இட்லிக்கு யாராவது முன்பணம் கட்டுவார்களா?

உள்ளூர் ஆதார்

ஆதாரில் கோவை முகவரி இருந்தால் பல லாட்ஜ்களில் ரூம் தரமாட்டார்கள். இங்கேயே இருக்கும் நண்பர் பெயரில் போட்டு வைக்காதீர்கள்.

பூட்டு

இவ்வளவும் சொல்லி, அக்கா மகனை ஆப்பில் கேன்சல் செய்ய வைத்து, 24 மணி நேர லாட்ஜ் பிடித்துக் கொடுத்தேன். சனிக்கிழமை காலை ஆறே காலுக்கு போன். க்ளோக் ரூமில் பூட்டாத பையை எடுக்க மாட்டார்கள் என்பதை நான்தான் சொல்ல மறந்திருந்தேன்.

"மாமா, இந்நேரத்துக்குப் பூட்டு எங்கீங் கிடைக்கும்?"