கொமொண்டோர் நாயின் சடையைப் பேணும் முறை

ஹங்கேரியின் புல்வெளிகளில் ஓநாய்களிடமிருந்து ஆட்டுமந்தையைக் காத்த கொமொண்டோர், 13ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய குமன் மக்களுடன் வந்ததாகக் கருதப்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் ஏறக்குறைய அழிந்தே போன இவ்வினம் இன்றும் அரிதுதான். ஆண் நாய் 70 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரமும் 50 முதல் 60 கிலோ வரை எடையும் கொண்டது. ஓநாயின் பல் தோலைத் தொடாமல் தடுக்கும் கவசமே அதன் வெண்சடை.

குட்டிக்கு மென்மையான சுருள்முடிதான் இருக்கும். ஏறத்தாழ ஓராண்டு வயதில் அது சிக்கேறத் தொடங்கும்போது சீப்பை எடுக்காதீர்கள். காதின் பின்புறம் உள்ளங்கையளவு அடையாகத் திரண்டிருக்கும் சிக்கை இரு கைகளாலும் பற்றி, தோல்வரை மெல்லப் பிரித்து, விரல் பருமனுள்ள புரிகளாக்குங்கள். விட்டுவிட்டால் உடல் முழுவதும் ஒரே கம்பளமாகிவிடும். தானே முடிவெடுத்துப் பழகிய காவல் நாய் என்பதால், வளர்ந்தபின் அதைப் பிடித்துவைத்துச் சடை பிரிப்பது நடவாத காரியம். எனவே குட்டியிலேயே பழக்குங்கள்.

குளிப்பாட்டுவதைவிட உலர்த்துவதே பெரும்பாடு. நுரை முற்றிலும் நீங்க அலசி, ஒவ்வொரு புரியையும் துண்டில் பொதிந்து அழுத்தி நீரை எடுத்து, மின்விசிறியின் முன் படுக்கவைத்தாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். அடிப்புரியில் ஈரம் தங்கினால் பூஞ்சை நாற்றம் பிடித்துவிடும்.