ஐந்து நிமிட ஸ்டார்ட்: குளிரில் நிற்கும் காருக்கு நாம் செய்யும் தவறுகள்

குன்னூரில் பெரியப்பா வீட்டுக் கார் மாதத்துக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடினால் அதிகம். போன ஐப்பசி மழையில் ஒரு காலை, பானெட்டைத் தூக்கி, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து என் கையில் கொடுத்தார். மூடியின் உள்பக்கம் முழுக்கப் பாலாடை மேல் டிகாக்‌ஷன் சிந்திய நிறத்தில் ஒரு பசை. விரலால் வழித்தால் வெண்ணெய் மாதிரி வந்தது. மோந்து பார்த்தேன், பெட்ரோல் வாடை.

"ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, எஞ்சினைப் பிரிக்கணும்னு சொல்றாங்கடா. தினமும் காலையில தவறாம அஞ்சு நிமிஷம் ஓட விடுறேன். அப்புறம் எப்படித் தண்ணி உள்ள போகும்?" என்றார். ஹெட் கேஸ்கெட் என்பது எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே, குளிர்விக்கும் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கும் தகடு.

அந்த ஐந்து நிமிடத்தால்தான் தண்ணீர் உள்ளே போனது என்று பெரியவரிடம் எப்படிச் சொல்வது?

நீலகிரியில் எதற்கும் முதலில் பழி மிஸ்ட் மேல்தான் விழும். பீரோவில் வைத்த செருப்பு பூஞ்சணம் பிடிக்கிற ஊர், எஞ்சினை மட்டும் விடுமா என்று தோன்றுவது இயல்பு. ஈரக்காற்று கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். ஆனால் தண்ணீரின் பெரும்பங்கு வருவது பெட்ரோலிலிருந்து. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. குளிர்ந்த காலையில் சைலன்சர் நுனியில் சொட்டுவது அதுதான். பெரும்பகுதி ஆவியாக வெளியே போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகக் கீழே ஆயில் இருக்கும் பக்கம் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடாக இருந்தால் இந்த ஆவியை பிசிவி வால்வு (ஆயில் பக்கத்துக் காற்றை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் சின்ன வால்வு) உறிஞ்சி, திரும்ப எரியவிட்டுவிடும். எஞ்சின் ஆறிக் கிடந்தால் ஆவி அங்கேயே நீராகிறது. இட்லிப் பானை மூடியைத் தூக்கினால் உள்ளே முத்து முத்தாக நிற்குமே, அதே கதை. ஆயில் மூடி எஞ்சினின் உச்சியில், குளிர்காற்று படும் இடத்தில் இருப்பதால் முதலில் அங்கே திரள்கிறது. ஆயிலோடு சேர்ந்து அடித்துக் கடைந்ததுதான் அந்த வெண்ணெய்.

இப்போது ஐந்து நிமிட ஸ்டார்ட்டுக்கு வருவோம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மார்கழி, தையில் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படியும். அந்தக் குளிரில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் வழக்கத்தைவிட அதிகம் பெட்ரோல் குடிக்கும். எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் கலக்கும். கூடவே நீராவியும். ஆயில் வெதுவெதுப்பாகக் கூட ஆகும் முன் அணைத்துவிடுகிறோம். மறுநாள் அதே பூஜை. ஒரு வாரம் சும்மா நின்ற காரைவிட, ஒரு வாரம் இப்படி 'பராமரிக்கப்பட்ட' காரின் ஆயில் மோசமாக இருக்கும். பேட்டரிக்கும் லாபமில்லை, செல்ஃப் அடிக்கும்போது இழுத்த மின்சாரம் அந்தச் சில நிமிட ஐடிலிங்கில் சரியாகத் திரும்புவதில்லை. சூடாகட்டும் என்று நின்ற இடத்திலேயே ஆக்சிலரேட்டரை மிதிப்பது இன்னும் மோசம்.

எடுத்தால் ஓட்டுங்கள், ஓட்ட நேரமில்லையென்றால் தொடாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

சரி, எவ்வளவு ஓட்டுவது? இங்கேதான் டெம்பரேச்சர் முள்ளை நம்பி ஏமாறுகிறோம். முள் நடுவுக்கு வந்தால் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், சூடாகிவிட்டது என்று பொருள். ஆயில் அதைவிட நிதானமாகத்தான் சூடேறும். முள் நடுவுக்கு வந்த பிறகும் இருபது, முப்பது நிமிடம் ஓடினால்தான் ஆயில் 90 டிகிரி பக்கம் போய், தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறும். மார்க்கெட்டுக்குப் போய் கேரட், பீட்ரூட் வாங்கித் திரும்புகிற இரண்டு கிலோமீட்டர், ஐந்து நிமிட ஸ்டார்ட்டின் தம்பிதான்.

மலைக்காரர்கள் மட்டும் செய்யும் தவறு ஒன்று உண்டு: தூரத்தைப் பார்த்து, திசையைப் பார்க்காமல் விடுவது. ஊட்டியிலிருந்து குன்னூருக்கு இறங்கும்போது பெரும்பாலும் கியரில் விட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்துத்தான் வருவோம். அந்த நேரத்தில் இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சின்கள் பெட்ரோலையே நிறுத்திவிடும். எரிவது இல்லாத இடத்தில் சூடு எங்கிருந்து வரும்? ஏறிய முள்கூடச் சில நேரம் கீழே சரியும். இதற்காக நியூட்ரலில் இறக்கப் புறப்படாதீர்கள், அது உயிருக்கு உலை. அதே சாலையில் ஏறி வரும்போது எஞ்சின் இழுக்கிற இழுப்பில் ஆயில் நன்றாகக் காயும். குன்னூர்க்காரர்களுக்கு இது வசதி: வெலிங்டன், அருவங்காடு, கேத்தி வழியாக ஊட்டி வரை ஏற்றம்தான். ஊட்டிக்காரர்கள் இறங்கியதோடு கணக்கை முடிக்காமல், திரும்பி ஏறுவதையே பயணமாக எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு, மூன்று கிலோமீட்டர் மட்டும் மெதுவாக, எஞ்சினை அலற விடாமல்.

பெரியப்பா காரில் அன்று ஹெட்டைத் திறக்கச் சொன்னது அவசரம். பார்த்ததும் பதறுவதும் தவறு; துணியால் துடைத்துவிட்டு மறப்பதும் தவறு. ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். மூடியில் மட்டும் பசை, குச்சியில் ஆயில் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் இந்த ஆவிச் சங்கதிதான். குச்சியிலும் பால் காபி மாதிரி இருந்தால், வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள். அடுத்து கூலண்ட். டப்பாவின் வெளிப்பக்கம், ஆறிய எஞ்சினில், அளவுக்கு நேராக ஸ்கெட்ச் பேனாவால் கோடு போடுங்கள். வாரா வாரம் கோட்டுக்குக் கீழே போனால், சூடான பிறகும் சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நின்றால், அப்போது ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். பெரியப்பா காரில் குச்சி சுத்தம், கோடு அசையவில்லை. ஊட்டிக்கு இரண்டு ஞாயிறு ஏறி இறங்கிய பிறகு மூடியில் ஈரப்பசை போய் லேசான கறைதான் மிச்சம். இரண்டாம் ஞாயிறு திரும்பியதும், சூடு ஆறும் முன்னே பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றினோம். செலவு அதோடு முடிந்தது.

ஆயில் மாற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை. "மூவாயிரம் கூட ஓடலையே, எதுக்கு மாத்தணும்?" என்று கேட்காத ஆள் இல்லை. கையேட்டில் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது என்ற மாதிரி போட்டிருப்பார்கள். நாம் முதல் பாதியை மட்டும் படிப்போம். ஓடாத வண்டிக்கு இரண்டாம் பாதிதான் எழுதப்பட்டது. தண்ணீரும் எரிபொருளின் கழிவும் சேர்ந்து அமிலமாகும். அதைச் சமாளிக்க ஆயிலில் போட்ட மருந்து ஓடினாலும் ஓடாவிட்டாலும் தீர்ந்துகொண்டே வரும். குளிர்மலையில், குறைவாக ஓடும் காருக்கு நான் ஆறு மாதத்துக்கே மாற்றச் சொல்வேன். கெட்டியாக இருந்தால் நல்லது என்று கையேட்டில் இல்லாத தடித்த ஆயிலை ஊற்ற வேண்டாம். டிப்ஸ்டிக்கில் அளவு தானாக ஏறியிருந்தால் மகிழவும் வேண்டாம், ஏறியது பெட்ரோலாக இருக்கும். பிஎஸ்6 புகை விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் இந்தத் தொல்லை அதிகம்: சைலன்சரில் உள்ள புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்ய ஆரம்பித்ததும் பாதியில் அணைத்து அணைத்து, டீசல் ஆயிலில் இறங்கிவிடும்.

பழைய வண்டிக்காரர்களுக்கு இன்னொன்று. சமவெளியில் எஞ்சின் கொதிக்கிறது என்றால் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) கழற்றி எறிகிற பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. கோவையில் வாங்கிய செகண்ட்ஹேண்ட் கார் ஊட்டியில் எவ்வளவு ஓட்டினாலும் முள் நடுவுக்கு வரவில்லையென்றால், அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாமல் ஆயிலைக் காயவைப்பது ஈர விறகில் அடுப்பு மூட்டுவது மாதிரி.

இரண்டு, மூன்று மாதம் ஊரிலேயே இருக்க மாட்டீர்கள் என்றால், புறப்படும் முன் ஆயிலை மாற்றி, ஒரு நீண்ட ஏற்றம் ஓட்டி நிறுத்துங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். ஹேண்ட்பிரேக் மழையில் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதில் சமதளத்தில், கியரில் போட்டு, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்து "அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி வைங்கண்ணா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.